கடைசி நான்கு வரிசைகள்

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். துணை இயக்குநர், கணக்கு அதிகாரி, எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர் மேடம், நான். இல்லாதவர்கள் இருபத்திரண்டு பேர். கூட்டம் அவர்களைப் பற்றியதுதான். ஆனால் அப்படிப்பட்டவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இருந்ததில்லை.

திங்கட்கிழமை முதல் என் மேசைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதி வைக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வயது எனக்கு ஆகவில்லை. முப்பத்தொன்றுதான். ஆறு வருடம் இந்த ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு வேறு துறைக்குப் போகிறேன். எந்தப் படிவம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் பச்சைக் கோப்பில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நம் வேலை மதிப்பீடு போடுவது. ஒரு ஊருக்கு ஒரு மருத்துவ வசதி வர வேண்டுமென்றால் அதற்கு எவ்வளவு ஆகும், எத்தனை பேர் வருவார்கள் என்று முதலில் எழுதுகிறவர்கள் நாம்தான். மேலே இருப்பவர்கள் அந்த ஊரைப் பார்ப்பதில்லை, நம் தாளைத்தான் பார்ப்பார்கள். வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா சிங்காநல்லூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். சம்பளச் சீட்டைக்கூட யாராவது படித்துச் சொல்ல வேண்டும். முத்திரை குத்திய தாள் எது வந்தாலும் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் என்னிடம் நீட்டுவார். "இதுல என்ன போட்டிருக்குதுன்னு பாரு கண்ணு." அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு, அச்சாகி வந்த எதுவும் தப்பாக இருக்கும் என்று தோன்றாது. தானே அச்சடித்ததாக இருந்தாலும் தோன்றாது.

விஷயம் இதுதான். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஒரு வாரம் விட்டால் உடம்பு வீங்கும். சில வாரம் விட்டால் ஆள் தங்க மாட்டார். மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் அப்படி இருபத்திரண்டு பேர் கோவை வரை வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக அந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு தொடங்கலாம் என்று பேச்சு வந்தது. ஒரு மெஷின் ஆறு பேருக்குப் போதும். இருபத்திரண்டு பேருக்கு நான்கு மெஷின். சுலபமான கணக்கு.

மதிப்பீடு போடும் முன், கோவையில் அவர்கள் வந்துபோகும் டயாலிசிஸ் கூடத்துக்கு நான் நோயாளிகளை நேரில் பார்க்கப் போனேன். பீளமேட்டில் இருக்கும் நம் அலுவலகத்திலிருந்து பைக்கில் பத்து நிமிடம். நடுப்பகல். வெளியே பஸ்களின் ஹாரன் காதைப் பிளந்தது. கதவைத் திறந்து உள்ளே போனதும் அத்தனை சத்தமும் அறுந்துவிட்டது. வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின் முனகிக்கொண்டிருந்தது. படுத்திருந்தவர்கள் யாரும் அசையவில்லை. குழாய்களில் ரத்தம் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. நான் கையில் பட்டியலோடு, உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே போனேன்.

கடைசிக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங்க தம்பி, உரத்து எண்ணுங்க. எங்களுக்கும் கேக்கோணுமில்ல."

அவர் பெயர் மயிலாத்தாள். மேட்டுப்பாளையத்துக்கும் அப்பால், மலையடிவாரத்தில் ஒரு பாக்கு உரிக்கும் கொட்டகையில் கூலிக்குப் போகிறவர். நாற்பது வயது இருக்கும்.

"ஒண்ணுமில்லீங்க்கா, சும்மா சரிபார்க்கறேன்" என்றேன்.

"பாத்து எண்ணுங்க. நான் ஒல்லியா இருக்கறேன்னு உட்டுப்போடாதீங்க."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஆறுச்சாமி என்பவர் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தார். வெள்ளியங்காட்டுக்கும் மேற்கே ஒரு வாழைத் தோட்டத்தில் வேலை செய்தவர் அவர். "அந்தம்மணிய ரெண்டாப் போட்டுக்குங்க தம்பி. வாயிக்கு ஒண்ணு தனியா."

திரும்பி வந்து பட்டியலைத் தட்டச்சு செய்தேன். யார் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்று ஒரு கட்டம் சேர்த்து, அந்த வரிசையிலேயே அடுக்கினேன். பக்கத்தில் இருப்பவர் மேலே, தூரத்தில் இருப்பவர் கீழே. மயிலாத்தாள் இருபத்திரண்டாவது. ஆறுச்சாமி இருபதாவது. நான்கு மெஷின் கேட்டு மதிப்பீடு சென்னைக்குப் போனது. கேள்வியோடு திரும்பி வந்தது. அந்தக் கேள்விக்காகத்தான் அந்த வியாழக்கிழமைக் கூட்டம்.

கணக்கு அதிகாரி தாளைப் படித்தார். "இருபத்திரண்டு பேருன்னு போட்டிருக்கீங்க. வருசம் பூராவும் அத்தன பேரும் வருவாங்களான்னு கேக்கறாங்க. போன வருசம் எத்தன பேரு நடுவுல நின்னுட்டாங்களோ, அதக் கழிக்கோணுமாம்."

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் என்னிடம் இருந்தது. டயாலிசிஸ் கூடத்தின் வருகைப் பதிவேட்டை முழுக்கப் புரட்டியவன் நான் ஒருவன்தான்.

"நாலு பேருங்க சார்" என்றேன்.

துணை இயக்குநர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பரவால்லையே தம்பி! கேட்ட ஒடனே வருதே."

அந்த ஒரு பார்வைக்காக நான் அன்றைக்கு எதை வேண்டுமானாலும் கழித்திருப்பேன். இருபத்திரண்டில் நான்கு போனால் பதினெட்டு. பதினெட்டை ஆறால் வகுத்தால் மீதியே இல்லாமல் மூன்று. மூன்று மெஷின். அவ்வளவு சுத்தமாக வகுபட்டதில் எல்லோருக்கும் ஒரு திருப்தி. டீ வந்தது.

அந்த நான்கு பேர் ஏன் நின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. 'வரவில்லை, வரவில்லை, வரவில்லை' என்று மூன்று முறை எழுதிவிட்டுப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். எண்ணுவதற்கு வசதியான கோடு.

மதியம் திருத்திய மதிப்பீட்டை ஏற்றப் பார்த்தேன். மென்பொருள் ஏற்கவில்லை. எண்ணிக்கை பதினெட்டு என்கிறாய், இணைப்புப் பட்டியலில் இருபத்திரண்டு பெயர் இருக்கிறதே என்று சிவப்பாக நின்றது. கண்காணிப்பாளர் மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"கீழ இருந்து நாலு பேர எடுத்துடுங்க தம்பி."

"ஆர எடுக்கறதுங்க மேடம்?"

"ஆரா இருந்தா என்னங்க? பேரு சும்மா ஒரு இதுக்குத்தான். நம்பர் டேலி ஆகோணும், அவ்வளவுதான்."

கடைசி நான்கு வரிசைகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கணினித் திரையில் வரிசைகளை அழித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இடைவெளி எதுவும் தெரியாது. கீழே இருந்த மொத்தம் என்கிற வரி மெல்ல மேலேறி வந்து பதினெட்டின் அடியில் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்பது போல. அதைப் பார்த்தபோது பின்கழுத்தில் லேசாகக் குளிர்ந்தது. ஏசி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் ஆணை வந்தது. மூன்று மெஷின்கள். கூடவே எங்கள் பிரிவுக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. அதில் என் பெயர் இருந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிக் குங்குமம் வைத்துவிட்டார்.

கட்டட வேலை நடந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், பதிவேட்டு எண்களைச் சரிபார்க்க மாதம் ஒரு முறை கூடத்துக்குப் போவேன். முதல் மாதம் ஆறுச்சாமியின் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். பதிவேட்டில் மூன்று 'வரவில்லை', ஒரு கோடு. என் பழைய பட்டியலில் வரிசை எண் இருபது.

அடுத்த மாதம் பத்தொன்பது.

அதற்கடுத்த மாதம் இருபத்தொன்று.

ஒன்று முதல் பதினெட்டு வரை ஒருவர்கூடக் குறையவில்லை. நான் அழித்த வரிசைகளில் இருந்தவர்கள் மட்டும், ஒருவர் பின் ஒருவராக. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். கோப்பைத் திறக்கவே கை வரவில்லை. திறந்தால் பட்டியல் பதினெட்டாகத்தான் இருக்கும் என்று தெரியும். உலகம் அதற்கேற்ப மெல்ல மெல்ல நகர்ந்து வருவது போலத் தோன்றியது. நான்கில் மிச்சம் இருந்தது ஒருவர். ஒவ்வொரு முறையும் கூடத்துக்குள் நுழைந்ததும் கடைசிக் கட்டிலைத்தான் முதலில் பார்ப்பேன்.

"எதுக்குங்க தம்பி என்னையவே எட்டி எட்டிப் பாத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டார் மயிலாத்தாள். "பொண்ணு பாக்க வந்தவனாட்டம்."

"ஒண்ணுமில்லீங்க்கா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கறனுங்க. இருக்கறனான்னுதானே பாக்கறீங்க?"

அன்று கூடத்தை விட்டு வெளியே வந்தவன் நேராக மேட்டுப்பாளையம் சாலையில் வண்டியைத் திருப்பினேன். ஆறுச்சாமியின் முகவரி என்னிடம் இருந்தது. காரமடையில் பிரிந்து, வெள்ளியங்காடு தாண்டி, தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்தது. நல்ல வெயில். வாழைத் தோப்பில் காற்றே இல்லை. ஆனாலும் எங்கோ ஒரு காய்ந்த இலை மட்டும் உரசிக்கொண்டே இருந்தது. செத்த வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். துக்கம் விசாரிக்க என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

முகம் ஊதியிருந்தது. கால்கள் உரலைப் போல இருந்தன. கண் மட்டும் பழைய கண். "அட, நம்ம எண்ணற தம்பி! வாங்க, வாங்க. ஏனுங்க, இவ்வளவு தூரம்?"

பதிவேட்டில் கோடு போட்டுவிட்டார்கள், பட்டியலில் நான் அழித்துவிட்டேன், ஆள் வெயிலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுகிறார். கடைசியில், "ஏனுங்க நின்னுட்டீங்க?" என்று கேட்டேன். பதிவேட்டில் கட்டம் இல்லாத அந்தக் கேள்வியை யாரோ ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை.

"மூணு பஸ்ஸு மாறோணுங்க. போறப்பக்கூடத் தெரியறதில்லீங்க. ஊசிய எடுத்துட்டுத் திரும்பி வாரப்ப நிக்கவே முடியறதில்லை. போன தடவ காரமடையில தல சுத்தி உளுந்துபோட்டேன். இவ கூட வந்தா இவ கூலியும் போயிருது. மூச்சு முட்டறப்ப மட்டும் ஆட்ட வித்துத் தனியாருல ஒருக்காப் பண்ணிக்கறனுங்க. அதான், புதுசா நம்ம பக்கமே தொறக்கறாங்களாமே? தொறக்கட்டும், பொறவு போயிக்கலாம்னு உக்காந்திருக்கறனுங்க."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சொம்பை வாங்கும்போது ஆறுச்சாமி கேட்டார். "எம் பேரு அதுல இருக்குதுங்களா தம்பி?"

இருக்கிறது என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒன்றுதான் ஓடியது. தூரம் தாங்காமல்தான் அவர்கள் நின்றார்கள். தூரத்தைக் குறைக்கத்தான் நாங்கள் புதிய பிரிவைத் தொடங்குகிறோம். அந்தத் தூரத்தால் நின்றவர்களின் எண்ணிக்கையை எடுத்து, அந்தத் தூரமே இல்லாமல் போகப்போகிற இடத்தின் கணக்கில் கழித்திருக்கிறேன். பட்டியலைத் தூர வரிசையில் அடுக்கியவனும் நானே. அதனால் கீழே இருந்த நான்கு பேர் நிற்பதில் பேய் பிசாசு எதுவும் இல்லை. தூரம் அதிகம், நின்றார்கள். காரணம் தெரிந்ததும் பயம் போய்விட வேண்டும் அல்லவா? போகவில்லை.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இப்பத் திருத்தி அனுப்பினா என்ன ஆகும் தெரியுமுங்களா? ஆணைய ரத்து பண்ணுவாங்க. கோப்பு மறுபடியும் முதல்ல இருந்து போகோணும். இந்த வருசப் பணம் திரும்பிப் போயிரும். நாலாவது மெஷினும் வராது, இந்த மூணும் வராது. அந்தப் பதினெட்டுப் பேரு கெதி?"

"அந்த நாலு பேருங்க மேடம்?"

"தெறக்கட்டும். தெறந்த பொறவு கூட ஒண்ணு கேக்கலாம். சொல்லுங்க, நீங்க என் நாற்காலில இருந்தா என்ன பண்ணுவீங்க?"

கோப்பை எடுத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். இது தப்பு என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும். திருத்தினால் அதைவிடப் பெரிய தப்பாகும் என்றும் தெரிந்திருக்கும். கேள்வி வந்த அன்றே 'ஏன்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இடத்துக்கு வந்தே இருக்க மாட்டோம். அது மட்டும் எனக்குத் தெரியும்.

திறப்பு விழாவுக்குப் பதினொரு நாள் முன்பு ஆறுச்சாமி இறந்துபோனார்.

திறப்பு விழா அன்று காலை. வாழைமரம், சீரியல் விளக்கு, நாதஸ்வரம். விருந்தினர்கள் போனதும் நான் உள்ளே போனேன். சுண்ணாம்பு வாசனை போகாத புதுச் சுவர். மூன்று மெஷின்கள். நான்காவதற்கு இடமும் விட்டு, தண்ணீர்க் குழாய்கூட இழுத்து, வாயை அடைத்து வைத்திருந்தார்கள். கட்டடம் கட்டியவர்களிடம் பழைய வரைபடம் இருந்திருக்கிறது. அந்த வெற்றிடத்துக்கு மேலே, சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பயனாளிகள் பட்டியல்.

தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. பத்தாவது பெயருக்குக் கீழே நான் தவறுதலாக விட்ட ஒரு காலிக் கட்டம் அதில் அப்படியே இருந்தது. என் தாள். 'சும்மா ஒரு இதுக்கு' நான் அனுப்பிய பட்டியல் சென்னை வரை போய், ஆணையோடு பின் குத்தப்பட்டு, கீழே இறங்கி, இங்கே சுவரில் ஏறியிருந்தது. அனுப்பும்போது அதன் தலைப்பு 'எதிர்பார்க்கப்படும் பயனாளிகள்'. முதல் சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அதன் முன்னால் மயிலாத்தாள் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நர்ஸ் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு வந்தார். பதினெட்டில் விரல் நின்றது.

"உங்க பேரு இல்லீங்க்கா."

"நல்லாப் பாரு அம்மணி. நான்தான் கடைசியா இருப்பேன். எங்க போனாலும் நான்தான் கடைசி."

"இல்லீங்க்கா. பதினெட்டோட முடியுது. ஷிப்டெல்லாம் இந்த லிஸ்டு வெச்சுத்தான் போட்டிருக்கு. ஆராச்சும் ஒருத்தரு நின்னா, அந்த எடம் உங்களுக்குத்தான். எழுதி வெச்சுக்கறேன்."

மயிலாத்தாள் திரும்பி, மெஷின்களில் படுத்திருந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பதினெட்டுப் பேரும் அவரோடு ஒரே பஸ்ஸில் வந்து போனவர்கள்.

"ஆராச்சும் நின்னான்னா?" என்றார். "நிக்கறதுன்னா என்னன்னு தெரியுமுங்களா உங்களுக்கு? ஆறுச்சாமியண்ணன் நின்னாரே, அதுங்களா? அவங்க எப்ப நிப்பாங்கன்னு பாத்துட்டு நான் வாசல்ல குந்தியிருக்கோணுமா? அந்தப் பொழப்பு வேண்டாமுங்க. நான் கோயமுத்தூருக்கே போயிக்கறேன்."

படியிறங்கும்போது என்னைப் பார்த்துவிட்டார். அங்கேயே சொல்லிவிட்டேன். கூட்டம், நான்கு பேர், அழித்தது, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் கையைத் தூக்கி, ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நான் போன வருசமே போயாச்சுங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. "செரி, போனவள எப்படித் திருப்பிக் கொண்டாறதுன்னு பாருங்க. அதுக்கும் எழுதற பாரம் ஒண்ணு இருக்குமில்ல?"

இருந்தது. கூடுதல் தேவைக்கான துணை மதிப்பீடு. மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதே வாரத்தில் கோப்பைத் தொடங்கினார். ஆனால் அது போய் வர முப்பத்து நான்கு வாரம் ஆனது. அந்த முப்பத்து நான்கு வாரமும் மயிலாத்தாள், புதுக் கட்டடத்தின் வாசலைக் கடந்தே பஸ்ஸில் கோவைக்குப் போய் வந்தார். வாரம் இரண்டு நாள். நான் வாரம் இரண்டு நாளும் கோவைக் கூடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். வந்தாச்சா? வந்தாச்சு. அந்த வார்த்தை வரும் வரைக்கும் எனக்கு வேறு வேலை ஓடாது.

நான்காவது மெஷின் வந்துவிட்டது. அடைத்து வைத்திருந்த குழாயில்தான் மாட்டினார்கள். காலை ஷிப்டில் மயிலாத்தாள் படுக்கிறார். வாய் குறையவில்லை. நீங்கள் சரிபார்க்கப் போனால் உரத்து எண்ணுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் மதிப்பீட்டுப் படிவத்தில் பதினான்காவது கட்டம், 'பொதுமக்கள் பங்களிப்பு' என்று இருக்கும். ஊர்க்காரர்கள் நிலமோ பணமோ கொடுத்தால் எழுத வேண்டிய இடம். வழக்கமாக 'இல்லை' என்று போட்டுவிடுவோம். பச்சைக் கோப்பில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறது. மெஷின் வந்த பிறகு துணை மதிப்பீட்டை இறுதிக் கணக்கோடு திருப்பி அனுப்பும்போது நான் அப்படிப் போடவில்லை. நான்கு வீடுகளுக்கும் போனேன். மயிலாத்தாளுக்கு அந்த முப்பத்து நான்கு வாரத்தில் அறுபத்தெட்டு நாள் கூலியும் வண்டிச் செலவும் மட்டும் முப்பத்து நாலாயிரத்து அறுநூற்று எண்பது. ஆறுச்சாமியின் மனைவி கடைசி நாட்களின் தனியார் மருத்துவமனைச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். விற்ற ஆடுகளையும் சொன்னார். மாலை போட்ட படம் மாட்டியிருந்த மற்ற இரண்டு வீடுகளிலும் கேட்டு எழுதிக்கொண்டேன். நான்கையும் கூட்டிப் பதினான்காவது கட்டத்தில் போட்டேன்.

மேடம் அதைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாமுங்க தம்பி, கேள்வி வரும்" என்றார்.

"வரட்டுங்க மேடம்" என்றேன்.

வரவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் எண்ணை மட்டும்தான் எழுத முடியும், பெயர்களை ஏற்காது. அதனால் எண் மட்டும் இருக்கிறது: இரண்டு லட்சத்துப் பதிமூன்றாயிரத்து நூற்று எண்பது ரூபாய்.